ஆறாம் அத்தியாயம்: உயிலும், உயிலுக்கு முன் செய்ய வேண்டியவையும்

திருக்கழுக்குன்றத்துக் கோயிலில் முதலாம் ஆதித்த சோழனுடைய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கந்தசிஷ்யன் என்னும் பல்லவ அரசன் அவ்வூர் மூலஸ்தானத்துப் பெருமானுக்கு விட்ட நிலத்தைப் பின்னர் வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர் அவ்வண்ணமே காத்து வந்ததையும், பல்லவர் ஆட்சி நீங்கிச் சோழர் ஆட்சி வந்தபோது அந்தத் தருமம் முட்டின்றி நடைபெற வேண்டுமென்று விண்ணப்பித்துக்கொள்ளச் சோழ மன்னனும் அதனை முன்போலவே நிலைநிறுத்திக் கொடுத்ததையும் அக்கல்வெட்டு சொல்கிறது. அங்கிருந்து கிழக்கே கடலோரத்துக்குச் சென்றால், மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலில் முதலாம் இராஜராஜன் காலத்துச் சாசனம் ஒன்றைக் காணலாம். ஊர் நிலத்தைப் புதிதாகப் பங்கிட்டுக்கொள்வது குறித்து ஊரார் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அரச வமிசமே மாறிய பின்னும் ஒரு துண்டு நிலத்தின் உரிமை மாறாமல் நின்றதென்றால், கொடுத்தவருடைய எண்ணம் எழுத்தில் இருந்ததும், அவ்வெழுத்தைப் பின்வந்தோர் காலமறிந்து புதுப்பித்ததுமே அதற்குக் காரணம். இவ்விரண்டில் முதலாவதை நம்மவரில் சிலராவது செய்கிறார்கள். இரண்டாவதைச் செய்வோர் மிக அரியர். உயில் எழுதும் முறையை மட்டும் தெரிந்துகொள்ள இந்த அத்தியாயத்தைப் புரட்டிய வாசகர் சற்றுப் பொறுத்தருள வேண்டும். உயிலுக்கு முன்னே செய்து முடிக்க வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அதைச் செய்யாமல் எழுதப்படும் உயில் பிள்ளைகளுக்குச் சொத்தைத் தராது, வழக்கைத்தான் தரும் என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம்.

செங்கல்பட்டுச் சீமைக்கு நில உரிமை விஷயத்தில் தனிச் சரித்திரமே இருக்கிறது. ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி 1763-ல் ஜாகீராகப் பெற்ற நாடு இது. இங்கே கிராமம் முழுவதும் இத்தனை பங்கு என்று வகுக்கப்பட்டிருக்க, மிராசுதார்கள் முழுப் பங்கு, அரைப் பங்கு, கால் பங்கு என்று பாத்தியதை கொண்டாடினார்கள்; சில ஊர்களில் இன்ன வயல் இன்னாருக்கு என்று நிலைப்படுத்தாமல், குறித்த காலத்துக்கு ஒரு முறை வயல்களை மாற்றிப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. இந்த உரிமை எத்தன்மையது என்று அறிந்துகொள்ளச் சர்க்கார் விடுத்த பதினேழு கேள்விகளுக்கு விடையாக எல்லிஸ் துரை ஒரு நூலே எழுத வேண்டியிருந்தது. அது 1818-ல் வெளிவந்தது. அந்நாளில் ஒருவனுடைய பங்கு ஊரறிந்த சங்கதி. கர்ணத்தின் கணக்கிலும் இருந்தது, கிழவர்களின் நினைவிலும் இருந்தது. 1980-ல் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவி ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். கிழவர்களும் ஒருவர் பின் ஒருவராக மறைந்தார்கள். சவுக்குத் தோப்பும் வேர்க்கடலைப் புஞ்சையுமாக இருந்த கோவளம் முதல் கல்பாக்கம் வரையுள்ள மணற்பாங்கான நிலம், கிழக்குக் கடற்கரைச் சாலை வந்த பின்னர், சென்ட் கணக்கில் விலை பேசப்படும் மனையாயிற்று. நினைவில் இருந்த உரிமைக்கு இப்போது மதிப்பில்லை. தாளில் இருப்பதற்குத்தான் மதிப்பு. ஆனால் அந்தத் தாள்களை நம் குடும்பங்கள் தாத்தா வைத்துவிட்டுப் போன தகரப் பெட்டியில் அப்படியே விட்டு வைத்திருக்கின்றன.

ஆகவே முதற் காரியம், பெட்டியைத் திறப்பதுதான். நிலம் எப்படி வந்தது என்று சொல்லும் தாய்ப் பத்திரம், இப்போது வருவாய்த் துறையின் கணக்கில் யார் பெயர் இருக்கிறது என்று காட்டும் பட்டா, இடையில் விற்பனையோ அடமானமோ நடந்திருக்கிறதா என்று தெரிவிக்கும் வில்லங்கச் சான்று, எல்லையும் அளவும் காட்டும் புலப்படம் ஆகிய நான்கையும் ஒரே மேசையில் பரப்பி, ஒன்றோடொன்று ஒத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அவை ஒத்திரா. பத்திரத்தில் ஏக்கரும் சென்ட்டுமாக எழுதியிருப்பது பட்டாவில் ஹெக்டேரும் ஏர்ஸுமாக இருக்கும்; ஓர் ஏர் ஏறக்குறைய இரண்டரை சென்ட் என்று கணக்கிட்டுப் பார்த்தால் அரை ஏக்கர் எங்கோ காணாமற் போயிருக்கும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டத்தின்போது, அதாவது ஜனங்கள் யு.டி.ஆர். என்று சொல்லும் அந்தக் கணக்கெடுப்பின்போது, அனுபவிப்பவர் ஒருவராகவும் பட்டாவில் பெயர் ஏறியவர் வேறொருவராகவும் ஆகிவிட்ட புலங்கள் இம்மாவட்டத்தில் பல உண்டு. அண்ணன் பெயரில் மட்டும் பட்டா இருக்க, தம்பி குடும்பம் தலைமுறையாக உழுது வரும். இரு தரப்பும் உறவாக இருக்கும் வரை அதைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பட்டா மட்டுமே உரிமைப் பத்திரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பல முறை சொல்லியிருக்கின்றன என்பது உண்மையே. ஆயினும் தாலுகா ஆபீசில் ஒரு மனுவும், அதன் மேல் ஒரு மேல்முறையீடும் செய்து உயிரோடிருக்கும் காலத்தில் தந்தை திருத்திவிடக்கூடிய பிழையை, அவர் மறைந்த பிறகு பிள்ளைகள் உரிமையியல் நீதிமன்றத்தில் சாட்சி தேடித் திருத்த வேண்டியிருக்கிறது. அந்தச் சாட்சிகள் அப்போது இருக்க மாட்டார்கள்.

இரண்டாவது, எது தன்னுடையது என்று நிச்சயித்துக்கொள்ளுதல். சுயார்ஜிதச் சொத்தை ஒருவர் தம் இஷ்டப்படி யாருக்கும் எழுதலாம். பிதுரார்ஜிதமான கூட்டுக் குடும்பச் சொத்தில் தம் பங்கை மட்டுமே எழுதலாம். இந்த வேற்றுமையை எல்லோரும் அறிந்ததாக நினைக்கிறார்கள். ஆனால் தாத்தாவின் பெயரைத் தாங்கிய சொத்தெல்லாம் பூர்வீகம் என்ற எண்ணம் தவறானது. 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு தந்தை உயில் இன்றி இறந்து, அவருடைய தனிச் சொத்து மகனுக்கு வந்திருந்தால், அது மகனுடைய தனிச் சொத்தே ஆகும் என்று 1986-ல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இது தெரியாமல், கைக்கு வராத உரிமைக்காகப் பேரன் தாத்தா சொத்தென்று வழக்குத் தொடுப்பதும், எழுத உரிமையுள்ள தகப்பனார் எழுத அஞ்சிக்கொண்டிருப்பதும் இரண்டும் நடக்கின்றன.

பெண் மக்களின் உரிமையைப் பற்றி நேராகச் சொல்லிவிட வேண்டும். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. அப்போது விவாகமாகியிருந்த பெண்கள் அதன் எல்லைக்கு வெளியே நின்றார்கள். 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேற்றுமையையும் நீக்கியது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடிருந்தாரா என்பது பொருட்டல்ல, மகளுக்குப் பிறப்பினாலேயே உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் சட்டப்படி முடிந்துவிட்ட பாகப் பிரிவினைகளை மட்டும் அது தொடவில்லை. சீர் செய்து அனுப்பியாயிற்று, நகை போட்டாயிற்று, இனி அவளுக்கு என்ன என்று கேட்கும் குடும்பங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, அவளுக்கு எது என்பதை அவளையும் உட்காரவைத்துப் பேசி முடிவு செய்யுங்கள். பேச்சுக்கு அழைக்கப்படாத மகளின் மனக்கசப்பு சொத்தின் மதிப்பைக் காட்டிலும் பெரிய இழப்பு.

இனி உயிலுக்கு வருவோம். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925, அறுபத்து மூன்றாம் பிரிவு கேட்பது மிகச் சொற்பமே. எழுதுபவர் கையெழுத்தோ கைநாட்டோ இட வேண்டும். இரண்டு சாட்சிகள், அவர் கையெழுத்திட்டதைக் கண்டோ, தம்முடைய கையெழுத்துத்தான் என்று அவர் வாயால் சொல்லக் கேட்டோ, அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். முத்திரைத் தாள் தேவையில்லை. வெள்ளைத் தாளில், தமிழில், தம் கையாலேயே எழுதலாம். பதிவும் கட்டாயமில்லை. ஆயினும் நான் பதிவு செய்யும்படியே சொல்வேன். பதிவு செய்த உயில் தொலைந்தாலும் நகல் கிடைக்கும். பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுமே என்று அஞ்சுவோர், உயில்கள் சார்பதிவாளரிடம் தனிப் புத்தகத்தில் பதியப்படுகின்றன என்பதையும், அவை வில்லங்கச் சான்றில் வெளிப்படுவதில்லை என்பதையும், எழுதியவர் ஜீவித்திருக்கும் வரை அவருக்கோ அவர் அதிகாரம் கொடுத்த முகவருக்கோ அன்றி வேறு எவருக்கும் நகல் தரப்படாது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். அதிலும் மறைவு வேண்டுமென்பவர் உயிலை உறையிலிட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்து வைக்கலாம். 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டத்திலேயே அதற்கு இடமிருக்கிறது. பதிவாகிவிட்டதால் மாற்ற முடியாது என்று எண்ண வேண்டாம். கடைசியாக எழுதிய உயிலே செல்லும்; முந்தியது பதிவாகியிருந்தாலும் பிந்தியது பதிவாகாததாயிருந்தாலும் அப்படியே.

சட்டம் கேட்பது சொற்பம் என்றேன். நீதிமன்றம் கேட்பது அவ்வளவு சொற்பமன்று. சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலைகள் இருந்தால், உயிலைக் கொண்டு வருபவரே அவற்றை அகற்ற வேண்டும் என்று வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் 1958-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறி இன்றும் நிற்கிறது. நோய்ப் படுக்கையில், மூத்த மகன் வீட்டில், மூத்த மகன் அழைத்து வந்த எழுத்தரால், மூத்த மகனுக்கே பெரும்பங்கு போகும்படி எழுதப்பட்ட உயில், உண்மையிலேயே தந்தையின் எண்ணமாக இருப்பினும், ஐயத்தைச் சுமந்துகொண்டுதான் கோர்ட்டுக்குள் நுழையும். ஆதலால் உடம்பு நன்றாக இருக்கும்போதே எழுத வேண்டும். ஒரு மகனுக்குக் குறைத்தாலும் கூட்டினாலும் காரணத்தை உயிலிலேயே இரண்டு வரி எழுத வேண்டும்: இவன் படிப்புக்கு நிலம் விற்றுச் செலவு செய்தேன், இவள் என்னையும் என் மனைவியையும் பராமரித்தாள் என்று. சாட்சிகள் எழுதுபவரைக் காட்டிலும் வயதில் இளையவர்களாக, உள்ளூரில் நிலைத்திருப்பவர்களாக இருக்கட்டும். அவர்களில் ஒருவராவது பின்னாளில் நீதிமன்றத்தில் நின்று சொல்ல வேண்டியிருக்கும். உயிலால் நன்மை பெறுபவரைச் சாட்சியாக வைக்கவே கூடாது. குடும்ப வைத்தியர் சாட்சியாக அமைந்தால் எழுதியவருக்குப் புத்தி தெளிவாக இருந்தது என்பதற்கும் அவரே பிரமாணமாவார்.

சொத்து விவரம் எழுதும் இடத்தில்தான் உயில்கள் தோற்றுப் போகின்றன. "ஏரிக்கரையோரம் உள்ள என் நிலத்தை இரண்டாவது மகனுக்கு" என்று எழுதினால் அது எழுதியவருக்கு மட்டுமே விளங்கும். செங்கல்பட்டுப் பதிவு மாவட்டம், திருக்கழுக்குன்றம் சார்பதிவகம், இன்ன கிராமம், இன்ன பட்டா எண், பழைய புல எண் இன்னது, உட்பிரிவான பின் புதிய எண் இன்னது, புஞ்சை இத்தனை ஹெக்டேர் இத்தனை ஏர்ஸ், அதாவது இத்தனை ஏக்கர் இத்தனை சென்ட். இதற்கு எல்லை: கிழக்கே இன்னாருடைய சவுக்குத் தோப்பு, மேற்கே வண்டிப் பாதை, வடக்கே இன்ன புல எண், தெற்கே வாய்க்கால். இதிலுள்ள கிணறு, மோட்டார், மின் இணைப்பு, நடைபாதை உரிமை சகிதம் என்று எழுத வேண்டும். வண்டிப் பாதையை விட்டுவிட்டால், உள்ளே இருக்கும் பங்குக்காரன் தன் வயலுக்குப் போக அண்ணனுடைய அனுமதிக்குக் காத்து நிற்பான். கிணற்றைச் சொல்லாமல் விட்டால் முதல் கோடையிலேயே முறை வைத்துத் தண்ணீர் இறைப்பதில் சண்டை வரும். ஒரே நிலத்தைப் பிரிக்கும்போது புலப்படத்தின் நகலில் கோடு போட்டு, அந்த நகலிலும் கையெழுத்திட்டு உயிலோடு இணைப்பது உத்தமம்.

மாமல்லபுரத்துக்குள் வீடு உடையவர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. பாதுகாக்கப்பட்ட புராதனச் சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் கட்டத் தடையும், அதற்கு மேல் 200 மீட்டர் வரை கட்டுப்பாடும் 2010-ம் வருஷத்துச் சட்டத் திருத்தத்தால் நிலைபெற்றிருக்கின்றன. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் வேறு இருக்கின்றன. இத்தகைய இடத்தில் மூன்று சென்ட் மனையை மூன்று பிள்ளைகளுக்கு ஒவ்வொரு சென்டாகப் பிரித்துக் கொடுப்பதால் யாருக்கும் பிரயோஜனமில்லை. யாரும் புதிதாகக் கட்ட முடியாது, யாரிடமும் விற்கவும் முடியாது. வீட்டை ஒருவருக்குக் கொடுத்து, அவர் மற்றவர்களுக்கு இன்ன காலத்துக்குள் இன்ன தொகை தர வேண்டும் என்று எழுதுவதே நல்லது. சமத்துவம் என்பது மண்ணை நூல் பிடித்து அளப்பதில் இல்லை.

அந்த ஊரின் சிற்பப் பட்டறைகளை நினைக்கும்போது எனக்கு விசேஷமான கவலை உண்டு. பட்டறைக்காரர் மறைந்தால் அவர் விட்டுச் செல்வது உளியும் சுத்தியும் அறுப்பு யந்திரமும் மட்டுமல்ல. வாயிலில் தார்ப்பாய் போர்த்தியபடி நிற்கும், முகம் மட்டும் முடிந்து கைகள் முடியாத அம்மன் சிலைக்கு ஏதோ ஒரு கோயில் நிர்வாகம் அச்சாரம் கொடுத்திருக்கும். அச்சாரம் எவ்வளவு, மீதி எவ்வளவு, எந்த மாதம் கும்பாபிஷேகம் என்பதெல்லாம் அவர் மனத்திலும் அவருடைய கைபேசியிலும் மட்டும் இருக்கும். கல் கொடுத்தவருக்குப் பாக்கி இருக்கும். இடம் வாடகை இடமாக இருக்கும். இவற்றை ஒரு சாதாரண நோட்டில், தேதி போட்டு, மாதம் ஒரு முறை எழுதி வைத்து, அந்த நோட்டு இருக்கும் இடத்தை மனைவிக்கும் மூத்த சிஷ்யனுக்கும் சொல்லி வைப்பது ஓர் உயிலுக்குச் சமானமான உபகாரம். பட்டறையின் பெயரைத் தொடர்ந்து வழங்கும் உரிமை உளி பிடிக்கத் தெரிந்த மகனுக்கா, எல்லாப் பிள்ளைகளுக்குமா என்பதையும் தெளிவாக எழுத வேண்டும். படகும் வலையும் வைத்துத் தொழில் செய்யும் மீனவக் குடும்பங்களுக்கும் இதே யோசனை பொருந்தும்: படகின் பதிவு யார் பெயரில், யந்திரத்தில் யார் யாருக்குப் பங்கு, வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் எவ்வளவு என்பவை எழுத்தில் இருக்கட்டும்.

கணவர் உயில் எழுதும்போது மனைவியின் பாகத்தைப் பிள்ளைகளின் பாகத்துக்குப் பின்னால் வைக்கும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. அதை மாற்ற வேண்டும். குடியிருக்கும் வீடு முதலில் அவளுக்கு. அதிலும் "ஆயுள் வரை அனுபவித்து வர வேண்டியது" என்று எழுதுவதற்கும் "சர்வ சுதந்திர பாத்தியதையுடன் அடைய வேண்டியது" என்று எழுதுவதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. முன்னதில் அவள் தன் வைத்தியச் செலவுக்குக் கூட வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ இயலாது. ஆயுள் உரிமை என்று எழுதப்பட்டவை, அவளுடைய ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டிருந்தால் முழு உரிமையாக மாறும் என்று 1977-ல் துளசம்மா வழக்கில் சொல்லப்பட்டது. அதனால் அரைகுறையான வாசகங்கள் இன்றுவரை வழக்குகளைப் பெருக்கி வருகின்றன. எது வேண்டுமோ அதை ஒரே பொருள்படும்படி எழுதுங்கள். என்னைக் கேட்டால் முழு உரிமையே எழுதச் சொல்வேன்.

பெண்களும் உயில் எழுத வேண்டும் என்பதை எவ்வளவு வற்புறுத்தினாலும் தகும். பிள்ளையில்லாத ஓர் இந்துப் பெண், ஆசிரியையாக உழைத்துத் தன் சம்பளத்தில் கூடுவாஞ்சேரியிலோ மறைமலைநகரிலோ ஒரு வீடு கட்டி, கணவருக்குப் பின் உயில் இன்றி இறந்தால், 1956-ம் வருஷத்துச் சட்டத்தின் பதினைந்தாம் பிரிவின்படி அந்த வீடு அவளைப் பெற்ற தாய்க்குப் போகாமல் கணவருடைய வாரிசுகளுக்குப் போகும். ஒரு பக்கத் தாளில் இரண்டு சாட்சிகளோடு எழுதினால் இது நேராது. கிறிஸ்தவ அன்பர்கள் வேறொன்றை நினைவில் வைக்க வேண்டும்: அவர்களுக்கு விவாகத்துக்கு முன் எழுதிய உயில் விவாகத்தால் ரத்தாகிவிடும். முஸ்லிம்கள், கடனும் அடக்கச் செலவும் போக, மற்ற வாரிசுகளின் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுக்க இயலாது.

உயிரோடிருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடலாமே என்று தான செட்டில்மென்ட் பத்திரத்தை நாடுவோர் மிகுந்துவிட்டார்கள். குடும்பத்துக்குள் எழுதும் பத்திரத்துக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு இருப்பது ஒரு காரணம். மகனோ மருமகளோ நச்சரிப்பது இன்னொரு காரணம். உயில், எழுதியவர் கண்மூடும் வரை அவர் கையிலிருக்கும் எழுத்து. செட்டில்மென்ட் பதிவாகி ஏற்றுக்கொள்ளப்பட்ட அன்றே சொத்து கை மாறிவிடும். பின்னர் ஒருதலையாக ரத்து செய்ய முடியாது. அறுபது வயது நிறைந்தோர், தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்திருந்து அந்நிபந்தனை மீறப்பட்டால், பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, இருபத்து மூன்றாம் பிரிவின்படி தீர்ப்பாயத்தில் முறையிட்டு அப்பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். இந்தச் சட்டத்தை முதியோர்க்கு அனுகூலமாகத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தபோதிலும், நிபந்தனை பத்திரத்திலேயே இருப்பது போன்ற காப்பு வேறில்லை. ஆகவே கொடுத்தே தீர வேண்டுமென்றால் மூன்று வாசகங்கள் இல்லாமல் கையெழுத்திட வேண்டாம்: எங்கள் இருவர் ஜீவிய காலம் வரை வீட்டில் வசிக்கும் உரிமை எங்களுடையது, வாடகை வருமானம் எங்களுடையது, உணவும் வைத்தியமும் பெறுபவரின் கடமை. தாம் கட்டிய வீட்டின் திண்ணையில் அந்நியரைப் போல உட்கார்ந்திருக்கும் முதியவர்களை இந்த மாவட்டத்தில் எந்தக் கிராமத்திலும் காணலாம். வயிற்றைக் கலக்கும் காட்சி அது. வயோதிகத்தில் ஒரு மனிதனுக்கு மிஞ்சும் மரியாதை, அவன் பெயரிலுள்ள கூரையைப் பொறுத்தே பெரும்பாலும் நிற்கிறது.

பாங்கு வைப்புத் தொகைக்கும் பங்குப் பத்திரத்துக்கும் எழுதும் நாமினியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாமினி பணத்தை வாங்கிக்கொள்ள நியமிக்கப்பட்டவர், சொந்தக்காரர் அல்லர். 1983-ல் சர்பதி தேவி வழக்கிலும், பங்குகள் குறித்து 2023 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றம் இதையே கூறியது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015-க்குப் பின், பெற்றோர், வாழ்க்கைத் துணை, மக்கள் ஆகியோர் நாமினியாக இருந்தால் அவர்களுக்கே அத்தொகை உரியது. 2025 நவம்பர் முதல் பாங்குக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினியாக நியமிக்கலாம். உயிலில் ஒருவர் பெயரும் நாமினிப் படிவத்தில் வேறொருவர் பெயரும் இல்லாதபடி பார்த்துக்கொண்டால் போதும்.

தருமத்துக்கு எழுதும் எண்ணமுடையோர் இந்தக் கடற்கரையிலேயே ஒரு பெரிய திருஷ்டாந்தத்தைக் காணலாம். நெம்மேலியைச் சேர்ந்த ஆளவந்தார் நாயக்கர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், கடலோரத்திலிருந்த ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட தம் நிலத்தை, திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள், மாமல்லபுரம் ஸ்தலசயனப் பெருமாள் முதலிய சந்நிதிகளின் கைங்கரியத்துக்கென உயில் எழுதி வைத்தார். அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளை இன்று இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது. கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்பும் நெம்மேலி ஆலை அவ்வறக்கட்டளையின் நிலத்தில்தான் குத்தகைக்கு நிற்கிறது. ஒருவர் விட்டுச் சென்ற மணல் நிலம், அவர் எண்ணியும் பார்த்திராத வகையில், ஒரு மாநகரத்தின் தாகத்துக்கும் பயன்படுகிறது. அதே சமயம், ஆக்கிரமிப்புகளோடு போராட வேண்டிய நிலையும் அந்த அறக்கட்டளைக்கு உண்டு; தருமச் சொத்துக்கு எல்லை அளந்து கல் நட்டு வைப்பதும் தருமத்தின் பகுதியே.

பச்சையப்ப முதலியாரின் கதை இன்னும் பாடமுள்ளது. 1754-ல் பெரியபாளையத்தில் பிறந்து, துபாஷித் தொழிலால் பெருஞ்செல்வம் ஈட்டி, 1794 மார்ச்சில் உயில் எழுதி, சில நாட்களுக்குள் அம்மாத இறுதியிலேயே திருவையாற்றில் காலமானார். கோயில் தருமங்களுக்கென்று அவர் ஒதுக்கிய செல்வம் வழக்கிலும் வியாஜ்யத்திலும் சிக்கிக்கொண்டது. பின்னர் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முதலியோரின் முயற்சியால், நீதிமன்றத்தின் மேற்பார்வையில் ஒரு தர்மகர்த்தா சபை ஏற்பட்டு, 1842-ல்தான் அவர் பெயரால் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. அரை நூற்றாண்டு காலம் ஒரு நல்ல எண்ணம் கோர்ட்டு வாசலில் காத்து நின்றது. எண்ணம் உயர்ந்தது, எழுத்தும் இருந்தது, ஆனால் உயிலை நிறைவேற்றி வைப்பவர் யார், அவருக்குப் பின் யார், கணக்கை யாரிடம் ஒப்பிக்க வேண்டும் என்னும் ஏற்பாடு பலமாக அமையவில்லை என்றே நான் கருதுகிறேன். சிறிய குடும்பத்துக்கும் இதுவே பொருந்தும். நிறைவேற்றுநராக ஒருவரையும், அவர் இல்லாதபோது மாற்றாக இன்னொருவரையும் பெயர் சொல்லி நியமியுங்கள். இருவரையும் முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் பெறுங்கள். அயல்நாட்டிலிருக்கும் மகன் கொடுத்த பொது அதிகாரப் பத்திரத்தை நம்பியிருப்பவர், கொடுத்தவர் இறந்த கணமே அதன் அதிகாரம் ஒழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

எழுதியதைப் புதுப்பிப்பது பற்றித் தொடக்கத்திலேயே சொன்னேன். பேரன் பேத்தி பிறந்தால், நிலம் உட்பிரிவு ஆனால், ஒரு மனை விற்கப்பட்டால், ஒரு சாட்சி இறந்தால், உயிலை எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும். 2019 நவம்பர் 29-ல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் எழுதிய உயில்களில் மாவட்டம், தாலுகா பெயர்கள் பழையனவாகவே இருக்கும். அதனால் உயில் செல்லாமற் போகாது. ஆயினும் சிறிய திருத்த உயிலால் சரி செய்துவிட்டால் பட்டா மாற்றத்துக்கு அலையும் அலைச்சல் குறையும். புரொபேட் என்னும் நீதிமன்ற மெய்ப்பிப்பு, நெடுங்காலம் சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் எல்லைக்குட்பட்ட உயில்களுக்கே கட்டாயமாக இருந்து வந்தது. செங்கல்பட்டில் எழுதி, செங்கல்பட்டு நிலத்தைப் பற்றியதாகவே உள்ள உயிலுக்கு அந்தக் கட்டாயம் இருந்ததில்லை.

கடைசியாக, பெயர் விஷயம். கிரயப் பத்திரத்தில் ஒரு விதமாக, பட்டாவில் இன்னொரு விதமாக, ஆதார் அட்டையில் வேறு விதமாக, தலைப்பெழுத்து முன்னும் பின்னுமாக எழுதப்பட்ட ஒரே மனிதரின் பெயரை ஒன்றாக்கிக்கொள்ள உயில்தான் ஏற்ற இடம். "இன்னார் என்கிற இன்னார்" என்று எல்லா வடிவங்களையும் உயிலின் முதல் வரியிலேயே எழுதிவிடலாம். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்யும்போது, உயிலில் உள்ள எழுத்துப்படியே பெயரைக் கொடுக்கும்படி பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும். துக்க வீட்டில் யாரோ ஓர் உறவினர் அவசரத்தில் சொல்லிவிட்ட பெயரே சான்றிதழில் ஏறிவிடும். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிக்கும் நாளில் அந்த ஓரெழுத்து முதல் கேள்வியாக வந்து நிற்கும்.